இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள்?

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மெடிசின் பிராக்டிகல் பரீட்சையில் எந்த மாதிரி நோயாளிகளைப் படுக்க வைப்பார்கள் என்று எந்த மாணவரைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்வார். இதய வால்வு சுருங்கியவர், நுரையீரல் உறையில் நீர் கோத்தவர், வயிறு வீங்கிய கல்லீரல் நோயாளி, ஒரு பக்கம் கைகால் விழுந்தவர். லாங் கேஸ், ஷார்ட் கேஸ் எல்லாம் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். காரணம் ரொம்ப எளிது. பரீட்சை தேதி முன்கூட்டியே குறிக்கப்படுவது. அந்தத் தேதியில் வந்து, காலையிலிருந்து மதியம் வரை மாணவர்கள் மாறி மாறி நெஞ்சைத் தட்டிப் பார்க்கப் பொறுமையாகப் படுத்திருக்க, அறிகுறிகள் மாறாமல் இருக்கும் ஒருவர் வேண்டும். ஐந்து நாள் காய்ச்சல்காரரை அப்படிச் சொல்லி வைத்துக் கூட்டிவர முடியாது. பரீட்சை நாளுக்குள் ஒன்று அவர் குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் ஐ.சி.யு.வில் கிடப்பார்.

அதே மாணவர் பாஸாகி ஹவுஸ் சர்ஜனாக ஓ.பி.யில் போய் உட்கார்ந்தால் முதல் ஆளாக வந்து நிற்பது யார்? "அஞ்சு நாளா காய்ச்சல் டாக்டர், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." அவ்வளவுதான். வால்வில் என்ன சத்தம் கேட்கும் என்பதை நாலு வருஷம் பயிற்சி செய்தவருக்கு இந்த ஒரு வரியை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது என்று தெரியாது. அவருடைய கை தானாகப் போய் ஒரு டெஸ்ட் லிஸ்ட் எழுதும்: ரத்த அணுக்கள், டைபாய்டுக்கான வைடால், மலேரியா, டெங்கு, சிறுநீர். கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் எழுதினேன். தொற்றுநோயைக் கண்டுபிடிக்கவும் கையாளவும் நம் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருகிறோம், அதில் எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

ஓட்டை தொடங்கும் இடம் புத்தகத்தின் வரிசை. இரண்டாம் ஆண்டில் மைக்ரோபயாலஜி. ஒரு கிருமி, அதன் உருவம், எந்தச் சாயத்தில் எந்த நிறம், எந்த ஊடகத்தில் வளரும், என்ன நச்சு சுரக்கும், கடைசியில் அது தரும் நோய். பிறகு மெடிசின் புத்தகத்தில் நோயின் பெயர் தலைப்பாக வரும். அதன் கீழே காரணம், அறிகுறி, பரிசோதனை, மருந்து. இரண்டுமே பெயரில் ஆரம்பித்துக் காய்ச்சலில் வந்து முடிகிறவை. நோயாளியோ காய்ச்சலோடு வந்து பெயரைக் கேட்கிறார். அகராதியாகப் படித்துவிட்டு நிகண்டாகத் தேட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அகராதியில் சொல் தெரிந்தால் பொருள் கிடைக்கும், கையில் பொருள் மட்டும் இருப்பவருக்கு அது உதவாது.

இது மேலிடத்துக்குத் தெரியாததில்லை. 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நாடு முழுக்கப் பாடத்திட்டம் மாறியது. மைக்ரோபயாலஜியை இப்போது கிருமி வாரியாகப் பார்க்காமல் ரத்தம், குடல், மூளை, நுரையீரல் என்று உடல் மண்டல வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். மெடிசினில் காய்ச்சலுக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துப் படிப்பதில்லை, பரீட்சையைப் பார்த்துப் படிக்கிறார்கள். பரீட்சைக் கட்டிலில் அதே வால்வும் அதே வயிறும் படுத்திருக்கும்வரை காய்ச்சல் வார்டுக்குப் போய் நிற்க யாருக்கும் அவசரம் இருக்காது.

சரி, காய்ச்சல்காரரை எப்படி அணுகச் சொல்லித்தருவது? என் அனுபவத்தில் எல்லாக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இன்று எத்தனையாவது நாள்? மிகச் சாதாரணக் கேள்வி போலத் தெரியும். நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள், "ஒரு வாரமா இருக்கு" என்பார். கூட வந்த மகள், "இல்லம்மா, சனிக்கிழமை சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போனப்பதான் உடம்பு சுடுதுன்னு சொன்ன" என்று திருத்துவார். இன்று செவ்வாய் என்றால் நாலாவது நாள். ஏழுக்கும் நாலுக்கும் இடையில் ஒரு உயிரே இருக்கலாம். ஆகவே திருவிழா, சம்பள நாள், பிள்ளைக்குப் பள்ளி லீவு என்று எதையாவது பிடித்துக்கொண்டு நாளை எண்ணப் பழக வேண்டும். இதை எந்தப் பாடநூலும் ஒரு வரிக்கு மேல் சொல்வதில்லை.

நாள் ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் இருக்கிறது. கிருமி ரத்தத்தில் சுற்றும் காலம் ஒன்று, அதற்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் தயாரித்து முடிக்கும் காலம் இன்னொன்று. டெங்குவில் என்.எஸ்.1 என்பது வைரஸின் சொந்தப் புரதம், அது முதல் நாளிலிருந்தே கிடைக்கும், ஐந்தாம் நாள் வாக்கில் மங்கத் தொடங்கும். ஐ.ஜி.எம். என்பது நம் உடல் செய்யும் எதிர்ப்பொருள், அது நாலு ஐந்து நாளுக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் எடுத்து நெகட்டிவ் என்று வந்ததும் "டெங்கு இல்லை" என்று எழுதி அனுப்பினால் அது டெஸ்ட்டின் தவறா, அனுப்பியவரின் தவறா? டைபாய்டுக்கு மாணவர்கள் "பாசு" என்று ஒரு ஆங்கிலச் சுருக்கம் (BASU) மனப்பாடம் செய்வார்கள். முதல் வாரம் ரத்தம், இரண்டாம் வாரம் எதிர்ப்பொருள், மூன்றாவது வாரம் மலம், நாலாவது வாரம் சிறுநீர். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்டால் ஒப்பிப்பார்கள். அதே மாணவர் வார்டில் மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு வைடால் எழுதிக்கொண்டிருப்பார், அது வேறு கதை.

வைடாலைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் புலம்ப வேண்டும். ஃபெர்னாண்ட் வைடால் 1896-இல் கொண்டுவந்த சோதனை அது. டைபாய்டு அரிதாக இருந்த ஊரில், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் அதற்கு அர்த்தம் உண்டு. டைபாய்டு எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் நம் ஊர்களில், எப்போதோ வந்த தொற்றோ போட்டுக்கொண்ட தடுப்பூசியோ எதிர்ப்பொருளாக ரத்தத்தில் மிச்சமிருக்கும். வேறு காய்ச்சலின்போதுகூட அது தலைதூக்கலாம். ஒரே ஒரு வைடாலைக் கையில் வைத்துக்கொண்டு "டைபாய்டு" என்று முத்திரை குத்துவது எவ்வளவு பேரைத் தவறான மருந்தில் தள்ளியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் முறையான வழி. அதிலும் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டு பத்து மில்லி ரத்தம் வேண்டும், ஆன்டிபயாட்டிக் உள்ளே போவதற்கு முன்னால் வேண்டும். இரண்டு மில்லி எடுத்து, அதையும் மூன்று நாள் ஊசி போட்ட பிறகு எடுத்து, "கிருமி வளரவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? முறையாக எடுத்தாலே ஏறக்குறையப் பாதி டைபாய்டைத்தான் கல்ச்சர் பிடிக்கும்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆஸ்பத்திரியில் நடந்தது ஒன்று சொல்கிறேன். ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா, விவசாயக் கூலி வேலை. காய்ச்சல், தலைவலி, வாந்தி. வைடால் பாசிட்டிவ். கேஸ் ஷீட்டில் "எண்டெரிக் ஃபீவர்" என்று, அதாவது டைபாய்டு என்று எழுதியாகிவிட்டது, செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி மூன்று நாளாகப் போய்க்கொண்டிருந்தது, டெம்பரேச்சர் சார்ட் அசையவில்லை. காலை ரவுண்ட்ஸில் சீஃபிடம் கேஸைச் சொன்னவன் நான்தான், வயிறு, நெஞ்சு எல்லாம் பார்த்ததாகவும் சொன்னேன். அன்று ராத்திரி உடம்பு துடைத்துவிட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் கூப்பிட்டார். "டாக்டர், இங்க வந்து பாருங்க, இது என்ன புண்ணு?" பாவாடை நாடா கட்டும் இடத்தில், இடுப்பின் பின்பக்கமாக, சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். வலி இல்லை, அரிப்பு இல்லை, அந்த அம்மாவுக்கே அது இருப்பது தெரியாது. டாக்ஸிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தோம். ஒன்றரை நாளில் காய்ச்சல் இறங்கியது. வயிற்றைப் பார்த்தேன் என்று நான் சொன்னது பொய்யில்லை, முன்பக்கம் மட்டும் பார்த்தேன், துணியை விலக்காமல் பார்த்தேன்.

அந்த அம்மாவுக்கு வந்தது ஸ்க்ரப் டைஃபஸ், செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகள் கடிப்பதால் வருவது. புதரும் வயலும் எலியும் சேரும் இடங்களில் அவை இருக்கும். தமிழ்நாட்டில் மழைக்காலத்தின் பின்பகுதியிலும் அதையொட்டிய குளிர் மாதங்களிலும் வார்டில் இந்தக் காய்ச்சல் கூடும். கடித்த இடத்தில் விழும் அந்தப் பொருக்குக்கு எஸ்கார் என்று பெயர், அது எல்லோருக்கும் இருக்காது. இருந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, பிறப்புறுப்பு, இடுப்பு என்று யாரும் பார்க்காத இடங்களில்தான் ஒளிந்திருக்கும். ரத்தப் பரிசோதனை முதல் வாரம் முடியும் நேரத்தில்தான் கை கொடுக்கும். கண்ணால் பார்ப்பது அதற்கு முன்பே கை கொடுக்கும், செலவும் இல்லை. ஆனால் அதற்குத் திரை வேண்டும், பெண் நோயாளி என்றால் துணைக்கு ஒரு சிஸ்டர் வேண்டும், கூட்டம் நெரியும் வார்டில் அதற்கு ஐந்து நிமிடம் வேண்டும். மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியது எஸ்காரின் படம் இல்லை, படம் எல்லோருக்கும் தெரியும். "அம்மா, புடவையைக் கொஞ்சம் தளர்த்திக்கிறீங்களா, பூச்சி கடிச்சிருக்கான்னு பார்க்கணும்" என்று சங்கடமில்லாமல் கேட்பது எப்படி என்பதைத்தான் சீனியர்கள் கூட நின்று செய்து காட்ட வேண்டும்.

இந்த நோயில் கடைசி வார்த்தையும் நம் பக்கத்திலிருந்தே வந்தது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் நல்லதா, அசித்ரோமைசின் நல்லதா, இரண்டும் சேர்த்தா என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் எண்ணூறு பேரை ஒட்டி ஒரு சோதனை நடந்தது, 2023-இல் முடிவு வெளியானது. மரணம், நீடிக்கும் சிக்கல்கள், விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்து எண்ணியதில் ஒற்றை மருந்து எடுத்தவர்களில் சுமார் 47, 48 சதவீதத்தினர் அதில் சிக்கினார்கள், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 33 சதவீதம். மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதமே எல்லாச் சாதாரணக் காய்ச்சலுக்கும் இரண்டையும் சேர்த்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

டெஸ்ட் முடிவை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும், ஆனால் அதை வார்டில் யாரும் போடுவதில்லை. ஒரு சோதனை நோயுள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையான சோதனை. இப்போது உங்கள் வார்டில் நூறு காய்ச்சல், அதில் 10 பேருக்கு உண்மையில் அந்த நோய். பத்தில் 9 பேர் பாசிட்டிவ். மீதி தொண்ணூறிலும் 9 பேர் தவறாகப் பாசிட்டிவ். ஆக 18 பாசிட்டிவில் பாதிதான் நிஜம். அதே சோதனையைச் சீசன் இல்லாத மாதத்தில், நூற்றில் ஒருவருக்கு மட்டும் நோயிருக்கும் நேரத்தில் எல்லோருக்கும் செய்தால் பன்னிரண்டு பாசிட்டிவில் ஒன்றுதான் நிஜமாக இருக்கும். லேபில் எதுவும் மாறவில்லை, மாறியது மாதம்தான். இது புரிந்த மாணவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே தன் சந்தேகத்துக்கு ஒரு எண் வைத்துக்கொள்வார். புரியாதவர் பதினைந்து டெஸ்ட் எழுதுவார், அதில் இரண்டு பாசிட்டிவாக வரும், இரண்டுக்கும் மருந்து கொடுப்பார்.

அந்த எண் எங்கிருந்து வரும்? கேள்விகளிலிருந்து. என்ன வேலை, வயலில் வெறுங்காலோடு இறங்கினாரா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா, எங்கேயாவது போய் வந்தாரா, சர்க்கரை இருக்கிறதா. மே 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பிடிபட்டது இப்படித்தான். மூளைக்காய்ச்சலோடு ஒருவர் வந்து சேர்கிறார். மூளைக்காய்ச்சல் கேரளத்தில் புதிதில்லை. ஆனால் அவருடைய சகோதரர் சில நாள் முன்பு இதே மாதிரி வந்து இறந்திருக்கிறார், குடும்பத்தில் இன்னும் சிலருக்கும் காய்ச்சல் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவர்கள் அங்கேயே நின்று யோசித்தார்கள், மாதிரி மணிப்பால் ஆய்வகத்துக்குப் போனது, புனே வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது. இரண்டாவது நோயாளியிலேயே பிடித்தது பெரிய விஷயம். அத்தனைக்கும் அடிப்படை, வீட்டில் வேறு யாருக்காவது என்ற ஒரு கேள்வி.

மெலியாய்டோசிஸ் என்ற நோயும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் ரங்கூனில் சவப் பரிசோதனையில் கண்டு 1912-இல் எழுதியது. மார்ஃபின் ஊசிப் பழக்கம் உள்ள, அனாதரவான மனிதர்களின் உடல்களில் அவர்கள் பார்த்தார்கள். கிருஷ்ணசாமி என்ற பெயர் நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது, நோயும் தெரியாது. சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி, சர்க்கரை நோயாளியை விரும்பிப் பிடிக்கும். நுரையீரலில் காசநோய் மாதிரியே வேஷம் போடும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். லேபில் வளர்ந்தாலும் "ஏதோ சூடோமோனாஸ், மாசு" என்று தூக்கிப் போட்டுவிடும் ஆபத்து உண்டு. சர்க்கரை உள்ள விவசாயி, காசநோய் மருந்து சாப்பிட்டும் தேறவில்லை, சளியில் காசநோய்க் கிருமி ஒருமுறையும் வரவில்லை என்றால் லேபுக்கு நேரில் நடந்துபோய் "அந்தக் கல்ச்சர் தட்டை இன்னும் இரண்டு நாள் வைத்திருங்கள்" என்று சொல்ல வேண்டும். வார்டுக்கும் லேபுக்கும் நடுவே உள்ள அந்த நடைபாதையை மாணவர்கள் எத்தனை முறை கடக்கிறார்கள் என்பதே ஒரு கல்லூரியின் தரத்துக்கு நல்ல அளவுகோல் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

கேள்வியைச் சரியாகக் கேட்ட மாணவர் என்றால் சென்னையில்தான் உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் எய்ட்ஸ் எல்லாம் இல்லை என்று பலரும் நம்பியிருந்த எண்பதுகளின் நடுவில், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன் தன் முதுகலை மாணவி நிர்மலாவிடம் அதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார், வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்தார், 1986 பிப்ரவரியில் வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். நாட்டில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான், ஒரு மாணவியின் ஆய்வேட்டில்.

இனி மருந்துக்கு வருவோம். இங்கேதான் ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் முரண்படுவதை மாணவர்கள் பார்க்கிறார்கள். ஒருவர் "கல்ச்சர் வரும்வரை பொறு" என்பார், இன்னொருவர் "பொறுத்தால் ஆள் போய்விடுவார்" என்பார். இரண்டும் சரி, ஆளைப் பொறுத்தது. ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு வாங்கி, நினைவு மங்கிக் கிடப்பவருக்கு மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. ரத்தம் எடு, ஒரு மணி நேரத்துக்குள் மருந்தைப் போடு. உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு அந்த அவசரமே இல்லை, பாராசிட்டமால் கொடுத்து நாளை மறுநாள் வரச் சொல்லலாம். ஆனால் "ஊசி போட்டா சரியாயிடும்ல டாக்டர்?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்கும் நோயாளிக்கு வேண்டாம் என்று சொல்லப் பழக்குவதற்குப் பாடத்திட்டத்தில் எந்த வகுப்பும் போதுமானதாக இல்லை. 2012-இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள், 2014 மார்ச் முதல் சில ஆன்டிபயாட்டிக்குகளைத் தனிப் பதிவேட்டில் குறித்து விற்க வேண்டும் என்ற ஹெச்1 விதியும் வந்தது. தெருமுனை மருந்துக் கடையில் அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

மருந்து ஆரம்பித்த பிறகும் நாள் எண்ணுவது முடியாது. ஒவ்வொரு காய்ச்சலும் இறங்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஸ்க்ரப் டைஃபஸ் டாக்ஸிசைக்ளினுக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் பணியும், பணியாவிட்டால் நோய் அதுதானா என்று திரும்ப யோசிக்க வேண்டும். டைபாய்டு சரியான மருந்திலும் நாலிலிருந்து ஆறு நாள் எடுத்துக்கொள்ளும். இது தெரியாதவர் மூன்றாம் நாளில் பதறிப்போய் செஃப்ட்ரியாக்ஸோனை நிறுத்தி மெரோபெனம் என்ற இன்னும் வீரியமான ஆன்டிபயாட்டிக்கை ஏற்றுவார், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும், பெயர் மெரோபெனத்துக்குப் போகும். காரணம் தெரியாத நீண்ட இருமலுக்கு லீவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதுவது இன்னொரு பழக்கம். அது காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கி வைக்கும், நோயாளி கொஞ்சம் தேறுவார், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

டெங்குவில் கணக்கே தலைகீழ். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து தொடங்கும் நாள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் குளிர்ந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள், ரசம் சாதம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து, நீர் வெளியேறி, ரத்தம் கெட்டியாகத் தொடங்கும். ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை அந்தக் கண்டம். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, இதெல்லாம்தான் எச்சரிக்கை மணி. ஆனால் குடும்பத்தார் கேட்பது ஒன்றே ஒன்று, "பிளேட்லெட் எவ்ளோ டாக்டர்?" மாணவரும் அந்த எண்ணையே துரத்துவார். பிளேட்லெட் குறைந்துகொண்டே வரும்போது, ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹெமடோக்ரிட் ஏறுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும், கை சில்லிட்டிருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். அப்புறம், கசிவு நின்றதும் வெளியேறிய நீர் தானாகத் திரும்பி உள்ளே வரும். அப்போதும் டிரிப் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டெங்குவில் இருந்து தப்பித்தவர் நாம் ஏற்றிய சலைனில் மூச்சுத் திணறுவார். எப்போது ஏற்றுவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதையும் மணிக்கணக்கில் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும், வகுப்பறை ஸ்லைடில் முடியாது.

மருத்துவம் மருந்துச் சீட்டோடு முடிவதில்லை என்பதற்குக் காசநோயை விட நல்ல பாடம் கிடையாது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். இன்னொரு பகுதியினர் நெரிசலான தங்கள் வீடுகளில். மருந்து இருவருக்கும் ஒன்றே. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தை வீட்டுக்கு மாற்றியது. அதற்கு மறுபக்கமும் உண்டு, வீட்டுக்கு அனுப்பக்கூடாதவர் யார் என்பது. 2022-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதைத்தான் பிடித்துக்கொண்டது. எடை எவ்வளவு, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை, ஆக்ஸிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கிறாரா. இவ்வளவுதான் சோதனை, ஒரு டெஸ்ட் ட்யூப்கூட வேண்டாம். நிற்க முடியாதவரை அட்மிட் செய். முதலாம் ஆண்டு மாணவரால் செய்ய முடிகிற இந்தச் சோதனையை இறுதியாண்டு மாணவர் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1847-இல் வியன்னாவில் இரண்டு பிரசவ வார்டுகள், ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள், ஏனென்றால் அவர்கள் சவக்கிடங்கிலிருந்து நேராக அங்கே வந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த மரணம் ஜூனில் இரண்டு சதவீதம் அளவுக்கு இறங்கியது. கற்க வந்தவர்களின் கையாலேயே நோய் பரவிய கதை இது. இன்றைக்கும் ஒரு கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவர்கள் நின்று ஒருவர் பின் ஒருவராக மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கும்போது கட்டிலின் கால்மாட்டில் சானிடைசர் பாட்டில் காலியாகத்தான் தொங்குகிறது.

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. பரீட்சையில் காய்ச்சல்காரரைப் படுக்க வைக்க முடியாது என்றால் அவருடைய டெம்பரேச்சர் சார்ட்டை வைக்கலாமே. முதல் நாள் தாளை மட்டும் கொடுங்கள், மாணவர் என்ன கேட்பார், எதை அனுப்புவார் என்று எழுதட்டும். பிறகு நாலாம் நாள் தாள், அதன் பிறகு ஏழாம் நாள். இடையிடையே ரிப்போர்ட்டுகள், அதில் ஒன்று வேண்டுமென்றே வழிதவற வைக்கும் வைடால். கூடவே, மெடிசின் போஸ்டிங் வரும் ஒவ்வொருவரும் பத்துக் காய்ச்சல்களை முதல் நாளிலிருந்து முடிவுவரை பின்தொடர வேண்டும், டிஸ்சார்ஜ் ஆனவரையும் சேர்த்து. "என்ன காய்ச்சல்னு தெரியல, சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போனவருக்குப் பதினாலாம் நாளில் ஒரு போன். நான் என் யூனிட் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், பாதிப் பேர் செய்தார்கள். அதில் ஒரு பெண் அடுத்த வாரம் வந்து சொன்னாள்: "சார், அந்தத் தாத்தாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம். ஆனா இப்ப ரெண்டு நாளா திரும்ப வருதாம், சாயங்காலம் மட்டும். நாளைக்கு ஓ.பி.க்கு வரச் சொல்லிட்டேன், சளி டப்பாவோட."